ஒன்றரை நிமிடத் தட்டு

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அக்காவின் வலது காதில் அறுவை சிகிச்சை. இடது காது போன வருடமே போய்விட்டது. கட்டியை எடுத்தால் உயிர் தங்கும், கேட்கும் சக்தி தங்காது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அக்கா அதற்கு அழவில்லை. மத்தியானம் தம்பி வீட்டுக்கு வந்து, பழுப்பேறிப்போன காகித உறை ஒன்றை மேசையில் வைத்து, "இத ஒரு தடவ போட்டுக் காட்டுடா. அப்புறம் என்ன வேணா அறுத்துக்கட்டும்," என்றாள்.

தம்பிக்கு வட்டாரத்தில் 'ஊசி' என்று பெயர். ரெக்கார்டு பிளேயர்களுக்கு ஊசி மாற்றுவதும், ஊசி உட்காரும் எந்த காட்ரிட்ஜுக்கு, அதன் சத்தத்தைப் பெருக்கும் எந்த போனோ பெட்டி சேரும் என்று பார்த்துச் சேர்ப்பதும்தான் முப்பது வருடமாக அவர் பிழைப்பு.

உறைக்குள் இருந்தது கடையில் விற்ற ரெக்கார்டு இல்லை. நாற்பத்தாறு வருடங்களுக்கு முன் ஒரு பொருட்காட்சியில், காசு போட்டால் பேச்சைத் தட்டில் வெட்டித் தரும் கூண்டு ஒன்று இருந்தது. பதினைந்து வயது அக்காவும் எட்டு வயது ஊசியும் அதற்குள் நெருக்கியடித்து நின்று பேசிய ஒன்றரை நிமிடம். அலுமினியத் தகட்டின் மேல் கறுப்புப் பூச்சு. வேறு பிரதி கிடையாது.

அவர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பூச்சு பாளம் பாளமாக வெடித்திருந்தது. பிளேயர் ஊசி இதன்மேல் ஒரு முறை ஓடலாம். இரண்டாம் முறைக்கு உத்தரவாதம் இல்லை. அந்த ஒரு முறையிலேயே கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டால், விடியும்வரை அக்கா எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம்.

"எல்லாரும் செத்தவங்க குரலக் கேக்கணும்பாங்க. நீங்க உங்க குரலையே கேக்கணும்ங்கறீங்களே அண்ணி," என்றாள் மனைவி, அக்காவின் வலது பக்கம் குனிந்து.

"நாளையிலேர்ந்து நான் பேசுறது எனக்கே கேக்காதும்மா. எப்படி ஆரம்பிச்சேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன். உன் புருஷன் பேச்சும் கேக்காதுங்கறது ஒரு ஆறுதல்."

காட்ரிட்ஜில் இரண்டு ஜாதி. சாதாரண ரகம் பலமாகச் சத்தம் தரும். உயர்ந்த ரகம் நுணுக்கமாகக் கேட்கும், ஆனால் முணுமுணுக்கத்தான் செய்யும். அந்த முணுமுணுப்பைத் தூக்கிவிட அதற்கென்றே செய்த பெட்டி வேண்டும். ஊசியிடம் இருந்த பெட்டி சாதாரண ரகத்துக்கானது. இடையில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரைச் செருகி, பத்து வருடமாக உயர்ந்த ரகத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பழைய சாதா காட்ரிட்ஜையே போடுங்களேன். ஜாடிக்கேத்த மூடின்னு நீங்கதான ஊருக்கெல்லாம் சொல்றது," என்றாள் மனைவி.

"அக்காவுக்கு டிராயர்ல கிடக்கறதப் போடச் சொல்றியா?"

உயர்ந்த ரகத்தையே மாட்டி, ஐந்து ரெக்கார்டுகள் போட்டுச் சோதித்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. அங்கேதான் அவர் தவறினார். அந்த ஐந்தும் கணீரென்று வெட்டிய ரெக்கார்டுகள். கூண்டுக்காரனின் தட்டோ மெல்லிசாக வெட்டியது, பூனை நடை.

அக்காவின் தட்டில் ஊசி இறங்கியதும் வந்தது உறுமல். டிரான்ஸ்ஃபார்மர் எங்கிருந்தோ இழுத்த கரண்ட் இரைச்சல். அதற்கடியில், கிணற்றுக்குள்ளிருந்து போல, ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். அவர் ஒலியைக் கூட்டினார். உறுமலும் கூடியது.

அக்கா காதைக் குவித்துக்கொண்டு, "என்னடா, மிக்ஸி ஓடுதா?" என்றாள்.

அப்போதே ஊசியைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்காமல், எர்த் ஒயரை அங்கே தொட்டு இங்கே தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது ஊசிமுனையில் கறுப்பாக ஒரு நூல் சுருண்டுகொண்டிருந்தது. பூச்சு உரிகிறது. பாதித் தட்டில் ஊசியைத் தூக்கினார். வெளிப்பாதி முழுக்க வெள்ளைத் தகடு பல்லிளித்தது. கம்ப்யூட்டரில் பதிந்திருந்ததும் அந்த உறுமல்தான்.

அவரே டிராயரைத் திறந்தார்.

பழைய காட்ரிட்ஜை மாட்ட, தலைமுடி கனத்தில் நான்கு ஒயர்கள். அவசரத்தில் ஒன்று நுனியில் அறுந்தது. பற்றவைத்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. இரைச்சல் இனி எந்த வழியாகவும் வரக்கூடாது என்று டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கினார், கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினார். காட்ரிட்ஜ், பெட்டி, ஸ்பீக்கர். அவ்வளவுதான். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். நிசப்தம்.

மீதிப் பாதியில் ஊசியை இறக்கினார்.

பக்கத்து அறையில் பேசுவதுபோல் தெளிவாக வந்தது ஒரு பையனின் குரல். "கூ... தள்ளு தள்ளு, ரயில் வருது. நான்தான் டிரைவர்." உதட்டைப் படபடக்க வைத்து இஞ்சின் ஓட்டினான். எல்லா ஸ்டேஷனிலும் நிறுத்தினான், எல்லா ஸ்டேஷனிலும் ஊதினான். அவர் அக்காவின் பாதியை உரித்துவிட்டுத் தன் பாதியைக் காப்பாற்றியிருக்கிறார். தட்டு தீரும் நேரத்தில் ஒரு சிரிப்பு. பிறகு கீச்சென்று ஒரு பெண்: "டேய், விடுடா. இப்ப என் முறை." அதோடு முடிந்தது.

அக்காவின் முகம் மலர்ந்திருந்தது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுடா. என்னா கீச்சுக் குரல் எனக்கு. கிளி தோத்துடும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, கம்ப்யூட்டர்ல போடு. கடைசி வரி மட்டும் போதும்."

அவர் திரும்பினார். பிடுங்கிய ஒயர் மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவியும் அதைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒயரைச் செருகினார். பதிவை ஓடவிட்டார். கடைசி வளையங்களைக் குறிவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்கினார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் நூல் சுருண்டது. ஸ்பீக்கரில் தகட்டைச் சுரண்டும் ஓசை மட்டும் வந்தது.

அக்கா காதைத் திருப்பிக் காத்திருந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

"விடு," என்றாள்.

வலது காதை உள்ளங்கையால் குவித்துக்கொண்டு, அறுபத்தொரு வயதுக் கரகரப்பில் மெதுவாகச் சொன்னாள்: "டேய், விடுடா. இப்ப என் முறை."

அவளுக்கே அது சரியாகப் படவில்லை. குரலை இன்னும் உயர்த்திச் சொன்னாள். பிறகு தம்பியிடம் கேட்டாள்:

"இப்படித்தான இருந்துச்சு?"

அவர், சுற்றிக்கொண்டிருந்த வெள்ளைத் தகட்டைக் கையால் பிடித்து நிறுத்தினார். அக்கா அவர் பதிலைக் கேட்கக் காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.