மைனஸ் இருபதில் ஒரு ஃப்ரீசர்

"தம்பி, உங்க பால்கனியில இருந்து ரத்தம் சொட்டுது."

ஹுயாக்கின் டீக் கிண்ணம் உதட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. டிராலி பஸ் டிப்போவின் ஓய்வறையில் சக ஓட்டுநர்கள் சீட்டாடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"என்னக்கா சொல்றீங்க?"

"ரத்தம்ப்பா, ரத்தம்! மேல இருந்து வழிஞ்சு என் பால்கனிக் கம்பியில உறைஞ்சு தொங்குது. கதவைத் தட்டுறேன், உன் பொண்டாட்டி திறக்கல. போலீசுக்குச் சொல்லிட்டேன்."

நான்காவது மாடி ஹந்த்சுரேன் அக்கா பொய் சொல்கிற ஆள் இல்லை. ஹுயாக் உடனே மனைவி டெல்கெர்மாவின் எண்ணை அழுத்தினான். அணைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழுத்தினான். அதே கதை.

இன்றைக்கு அவளுக்கு விடுமுறை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் அவள் மட்டும்தான்.

காலையில் நடந்தது நெஞ்சில் வந்து முட்டியது.

சண்டை ஃப்ரீசரைப் பற்றி. ஒவ்வொரு நவம்பரிலும் அவள் அண்ணன் டோர்ஜ் மேய்ச்சல் நிலத்திலிருந்து ஒரு மாடும் நாலைந்து ஆடும் அறுத்து லாரியில் கொண்டுவந்து இறக்குவார். குளிர்காலம் முழுக்கக் குடும்பத்துக்கு அதுதான் சாப்பாடு. உலான்பாத்தரில் எல்லோரையும் போல அவர்களும் அதைப் பால்கனியில்தான் அடுக்குவார்கள்.

"ஏப்ரல் வந்தா பாதிக் கறி இளகிப்போய் ஊருக்கெல்லாம் தூக்கிக் குடுக்கிறோம். ஒரு ஃப்ரீசர் வாங்கிப் போடுய்யான்னு மூணு வருஷமா கத்துறேன்" என்றாள்.

"வெளிய மைனஸ் இருபது! ஊரே ஃப்ரீசர். அதுக்குள்ள இன்னொரு பெட்டியா? வானம் சும்மா குடுக்கிற குளிருக்குக் கரண்ட் பில் கட்டச் சொல்றியா?"

"வானம் உனக்கு மாமனாரா, வருஷம் பூரா குடுக்க?"

"கறியில காக்கா கொத்துதுன்ன. போன வாரம் லீவு போட்டு பால்கனி முழுக்கக் கண்ணாடி மாட்டினேன். இன்னும் என்ன வேணும்?"

"ஒண்ணு இந்த வீட்டுல அந்தப் பெட்டி இருக்கணும். இல்ல நான் இருக்கக் கூடாது."

அவன் கதவை அறைந்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டான். கடைசியாகப் பார்த்தபோது அவள் எலும்பு வெட்டுகிற கோடரியோடு பால்கனிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

கோடரி!

"என் வண்டியை யாராவது எடுங்கடா!" என்று கத்திவிட்டு ஓடினான். கையைக் காட்டியதும் ஒரு கார் நின்றது. ஏறிக்கொண்டான். வழியெல்லாம் அவளுக்குப் போன் போட்டபடியே இருந்தான். கார்க்காரர் ஏதோ கேட்டார். அவனுக்குக் காதில் விழவில்லை.

கட்டடத்தின் முன்னால் கூட்டம். எல்லாத் தலைகளும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஹுயாக்கும் பார்த்தான்.

ஐந்தாவது மாடியில் அவன் வீட்டுப் பால்கனியின் விளிம்பிலிருந்து சிவப்பு விழுதுகள் தொங்கின. கட்டைவிரல் பருமனில், முழ நீளத்தில், ரத்தப் பனிக்கட்டிகள். வெயில் பட்டு மாணிக்கம் போல மின்னின. அழகாக இருந்தன.

"இவன்தான் புருஷன்" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது.

படியில் பாய்ந்து ஏறினான். ஐந்தாவது மாடியில் அவன் வீட்டு வாசலில் ஒரு இளம் போலீஸ்காரன் நின்றிருந்தான். பக்கத்தில் ஹந்த்சுரேன் அக்கா, கையில் மாவு பிசைந்த பிசுக்கோடு.

"காலையில பெரிய சண்டையாமே?" என்றான் போலீஸ்காரன்.

"சண்டை எந்த வீட்டுலதான் இல்ல?"

"என்ன தகராறு?"

"ஃப்ரீசர்."

போலீஸ்காரன் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே பீதி.

"ஃப்ரீசர் எதுக்கு அண்ணே? உள்ள எதை வைக்க?"

ஹுயாக் சாவியை எடுத்தான். சாவி பூட்டில் நுழைய மறுத்தது. போலீஸ்காரனே வாங்கித் திறந்தான்.

வெப்பம் முகத்தில் அறைந்தது. நகரம் முழுவதற்கும் குழாயில் வருகிற வெந்நீர்ச் சூடு. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. "டெல்கெர்!" என்று கூப்பிட்டான். குரல் சுவரில் மோதித் திரும்பியது. சமையலறையில் யாரும் இல்லை. படுக்கையறையில் யாரும் இல்லை. பால்கனிக் கதவு மட்டும் ஒரு சாண் திறந்திருந்தது. அதன் அடியில் ஒரு சிவப்புக் கோடு அறைக்குள் ஊர்ந்து வந்திருந்தது.

ஹுயாக் அந்தக் கோட்டைத் தாண்டாமல் நின்றான். போலீஸ்காரன் அவனைத் தாண்டிப் போய்க் கதவைத் தள்ளினான். எட்டிப் பார்த்தான். அப்படியே நின்றான்.

"அண்ணே..."

"சொல்லு! செத்துட்டாளா?"

"செத்து பல நாள் ஆயிருக்கும் அண்ணே. இது மாடு."

ஹுயாக் தடுமாறி உள்ளே வந்தான். பால்கனி குளியலறை போலப் புழுங்கியது. கல்லாக இருக்க வேண்டிய மாட்டுத் தொடை குழந்தை போலச் சரிந்து கிடந்தது. ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று தொய்ந்திருந்தன. பிளாஸ்டிக் விரிப்பெல்லாம் ரத்தத் தண்ணீர். அதன் நடுவில் கோடரி.

தெற்கு பார்த்த பால்கனி. நாள் முழுக்க வெயில். பறவைக்குப் பயந்து அவன் மாட்டிய கண்ணாடி அந்த வெயிலை உள்ளே பிடித்து அடைத்திருந்தது. போதாததற்கு, புழுக்கம் தாங்காமல் அந்தக் கதவைத் தினமும் காலையில் திறந்து வைப்பவனும் அவனேதான். முன்பெல்லாம் வீட்டுச் சூடு கதவு வழியாக வெளியே ஓடிவிடும். இப்போது ஓட வழியில்லாமல் இறைச்சிமேல் உட்கார்ந்துகொண்டது.

மாடுதான். வெறும் மாடு. ஹுயாக்குக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"அப்போ அவ எங்க?"

மறுபடி போன் போட்டான். அணைக்கப்பட்டிருந்தது. 'இல்ல நான் இருக்கக் கூடாது.' வெளியே மைனஸ் இருபது. எங்கே போனாள்? எப்படிப் போனாள்? வாசற்படியில் வந்து உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பெரிய மனிதன், பஸ் ஓட்டுகிறவன், மூக்கு ஒழுக அழுதான்.

"யாரு செத்தது?"

படியேறி வந்தவள் டெல்கெர்மா. நரித்தோல் தொப்பி, பனி பூத்த இமைகள். போலீஸ்காரனையும், அழுகிற புருஷனையும், அக்காவையும் மாறி மாறிப் பார்த்து அவள் முகம் வெளிறியது.

"பிள்ளைங்களுக்கு என்னாச்சு?"

"பிள்ளைங்க நல்லா இருக்காங்க. நீ... நீ எங்கடி போன? போன் எங்க?"

"குளிர்ல செத்துப்போச்சு. சந்தையில வெளிய நின்னா எந்தப் போன்தான் உயிரோட இருக்கும்? இந்த ஆளு ஏன் அழுறான்?"

"உன்னைக் கொலை பண்ணிட்டாங்கன்னு" என்றாள் ஹந்த்சுரேன் அக்கா.

டெல்கெர்மா உள்ளே போய் பால்கனியைப் பார்த்தாள். அண்ணன் வளர்த்த மாடு. திரும்பி வந்து புருஷன் எதிரே நின்றாள்.

"நிஜமா சொல்லுய்யா. எனக்கா அழுத, கறிக்கா?"

"கறி போனா போகட்டும்டி."

அவள் தொப்பியைக் கழற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினாள். "போகட்டுமாமே! முதல்ல அந்தக் கண்ணாடியெல்லாம் திற. போலீஸ் தம்பி, சும்மா நிக்காதே, அந்தத் தொடையைப் பிடி."

மூன்று பேரும் தூக்கினார்கள். அக்கா மோந்து பார்த்துக் கெடவில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். ஜன்னல்களைத் திறந்ததும் குளிர் கத்தி போல உள்ளே இறங்கியது. வெயில் சாய்வதற்குள் மாட்டின்மேல் உறைபனி பூத்தது.

"ஃப்ரீசர் வாங்கிடலாம்" என்றான் ஹுயாக், உறைந்த விரல்களை அக்குளில் செருகியபடி.

"வாங்கியாச்சு. நாளைக்கு வருது. திரும்பி வர்ற வழியெல்லாம், திட்டுவியேன்னு பயந்துக்கிட்டே வந்தேன்."

"திட்டமாட்டேன். பால்கனியில இந்த மூலையில வெச்சிடலாம்."

"பால்கனியில வெக்கக் கூடாதாம். இந்தக் குளிர்ல மோட்டார் ஓடாதுன்னு கடைக்காரன் அடிச்சுச் சொன்னான். சூடா இருக்கிற அறையிலதான் வெக்கணுமாம்."

ஹுயாக் வாயைப் பிளந்தான். ஊரே உறைந்து கிடக்கிறது. அந்தக் குளிரை வெளியே தள்ளிவிட்டு வீட்டுக்குள் சூடு. அந்தச் சூட்டுக்கு நடுவில் காசு கொடுத்து ஒரு குளிர். கணக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் உதைத்தது. ஆனால் காலையிலிருந்து அவன் பட்ட பாட்டில், கேள்வி கேட்கிற தெம்பு இல்லை.

"அறைக்குள்ள இடம் எங்கடி இருக்கு?"

டெல்கெர்மா, அவன் பகல் தூக்கம் போடுகிற சோபாவைக் காட்டினாள்.

ஹுயாக் அதன் பக்கத்தில் போனான். சோபாவின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான். மறுமுனையைப் போலீஸ்காரன் பிடித்தான்.