புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூன்று

1

மனித குலத்தை முன்னே இழுத்துச் செல்பவர்கள் என்றென்றும் வகுப்பின் முதல் மாணவர்களே.

இது என் வாக்கியம் அல்ல. சென்ற ஜூனில், எங்கள் விஸ்கான்சின் ஊர்ப் பள்ளியின் பட்டமளிப்பு விழாவில் தலைமை ஆசிரியர் முழங்கியது. முழங்கிவிட்டு, அந்த வருஷத்து முதல் மாணவரை மேடைக்கு அழைத்தார். ஒன்பது பேர் ஏறினார்கள். எல்லோரும் சமம், எல்லோரும் முதல்.

"ஐயோ பாவம், நாற்காலி பத்தலை" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள். அவள்தான் லார்னா ஷெஃப்லர். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் அதே மேடையில், தனியொருத்தியாக, முதல் மாணவி ஆற்றும் விடைபெறும் உரையை ஆற்றியவள். இப்போது ஆலங்கட்டி மழையில் ஒடுக்கு விழுந்த கார்களைச் சுற்றிவந்து காப்பீட்டுக்கு மதிப்பீடு எழுதுகிறாள். இந்தக் கதை அங்கே தொடங்கியது.

2

முதல் வரைவு: 'உறைந்த ஏரியைப் பார்த்தபடி லார்னா, வீணாய்ப்போன தன்—'

நிறுத்திவிட்டேன். கதை நடப்பது ஆகஸ்ட்டில். ஏரியில் படகு விடுகிறார்கள். தவிர, எதுவும் வீணாகவில்லை. நல்ல வேலை, வலிக்காத முதுகு, குறட்டை விடாத கணவன். முதல் மாணவி ஒன்று உலகை வெல்ல வேண்டும், இல்லை குடியில் மூழ்க வேண்டும் என்று கதைகள் எதிர்பார்க்கின்றன. லார்னா இரண்டுக்கும் ஒத்துழைக்க மறுக்கிறாள்.

3

அவளை அரிப்பது வேறு. (இங்கே கொஞ்சம் கணக்கு வரும். இதைத் தாண்டிப் போகிறவர்களுக்குக் கதை புரியாது.)

கடினமான பாடத்தில் 'ஏ' வாங்கினால் ஐந்து புள்ளி. பாட்டு வகுப்பில் 'ஏ' வாங்கினால் நான்குதான். ஆகவே எவ்வளவு நன்றாகப் பாடினாலும் சராசரி இறங்கும். கடைசி வருஷம் லார்னா பாடகர் குழுவை விட்டுவிட்டு, ஐந்து புள்ளி தரும் லத்தீன் எடுத்தாள். கர்ட் நெல்ட்னர் என்பவன் பள்ளி பேண்டில் டிராம்போன் ஊதிக்கொண்டே இருந்தான்; அதற்கும் நான்குதான். அவள் முதல், அவன் இரண்டாவது. இடைவெளி, புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூன்று.

நிறையப் பாடும் பெண் அவள். அதற்குப் பிறகு காரில்கூடப் பாடவில்லை.

ஆகஸ்ட்டில் வகுப்புத் தோழர்களின் இருபத்தைந்தாம் ஆண்டுச் சந்திப்பு. ஏற்பாடு செய்யும் ஜோலீன் தொலைபேசியில் வந்தாள்.

"அன்னிக்குப் பேசின பேச்சை அப்படியே படிடி. 'உலகத்தை மாற்றுவோம்'னு ஒரு இடம் வருமே, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"நான் சிரிக்கிறதுக்கு எழுதலையே."

"அதான்டி சிரிப்பே!"

லார்னா ஒத்துக்கொண்டாள். ஆனால் படிக்கப்போவது அந்தப் பேச்சை அல்ல. ஒலிபெருக்கியில் உண்மையைச் சொல்லி, எல்லோர் முன்பும் முதல் இடத்தைக் கர்ட்டிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

4

கர்ட்டை என்ன செய்வது? முதலில் கோடீஸ்வரனாக்கினேன், பல்லிளித்தது. அடுத்ததில் சாகடித்தேன், பேச ஆள் இல்லாமல் போயிற்று. கடைசியில், வீட்டுக்குச் சூடேற்றும் உலைகளைப் பழுதுபார்ப்பவன் ஆக்கினேன். ஜனவரியில் ஊரே அவனைத்தான் கூப்பிடும்.

சந்திப்பு நடந்த, பந்து உருட்டி விளையாடும் பௌலிங் கூடத்தின் பின்னறையில், பீரும் சாஸேஜுமாக நின்றவனை மேடையேறும் முன்பே லார்னா மடக்கினாள். முன்கூட்டியே சொல்வது மரியாதை என்று நினைத்தாள்.

"கர்ட், நான் பாட்டு கிளாஸை விட்டது ஏன் தெரியுமா?"

"தெரியுமே. நாலு புள்ளி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும்தான் கணக்குப் போட்டேன். டிராம்போனை விட்டிருந்தா நான்தான் முதல். ஆனா பக்கத்துல ஹைடி உக்காந்து கிளாரினெட் வாசிச்சா. எவன் விடுவான்?"

"அவளைக் கட்டிக்கிட்டியா?"

"எங்க! டிரம் அடிக்கிறவன்கூடப் போயிட்டா."

"சரி, அந்த முதல் இடம் உனக்குச் சேரவேண்டியது. இப்ப மைக்கில சொல்லப்போறேன்."

"எனக்கு எதுக்கு? உலையில ஒட்டிவைக்கவா? நீயே வச்சுக்க, தாயே." சாஸேஜைக் கடித்தான். "ஆமா, நீ பாடுவியா என்ன?"

(இந்தக் கேள்வியை மூன்று முறை அடித்து நீக்கினேன். கர்ட் திரும்பத் திரும்பக் கேட்கிறான்.)

ஓடாதவனை முந்தியிருக்கிறாள். அதற்காகக் குரலைக் கொடுத்திருக்கிறாள். திருப்பித் தரலாம் என்றால் வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை.

5

ஜோலீன் மைக்கை அவள் கையில் திணித்தாள். "சீக்கிரம்டி, எட்டு மணிக்கு வேற குரூப் வருது."

(அ) பழைய பேச்சைப் படிக்கிறாள். உரிய இடத்தில் சிரிக்கிறார்கள்.

(ஆ) உண்மையைச் சொல்கிறாள். ஒருவரும் பந்தை உருட்டுவதை நிறுத்தவில்லை.

(இ) வாயைத் திறந்து பாடு— இதை எழுத எனக்கு ஆசைதான். ஆகவே இதை நம்ப வேண்டாம்.

நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் அவள் முதல் இடத்தை இறக்கிவைக்க முயல்கிறாள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எதை எடுத்தாலும் மாறாதது ஒன்று உண்டு. சந்திப்பு முடிந்த மறு செவ்வாய்க்கிழமை, காப்பீட்டு நிறுவனத்தில் கிளை மேலாளர் வேலைக்கு அவள் ஒரு விண்ணப்பம் அனுப்பினாள். அதன் முதல் வரி: 'உயர்நிலைப் பள்ளியில் வகுப்பின் முதல் மாணவி.' அவளுக்கு வயது நாற்பத்து மூன்று.