ஐந்து தேர்தலிலும் ஒன்று

கணவர் அமாரோவின் சவப்பெட்டி மேல், வெளியூரிலிருந்து வந்த கொழுந்தன் பெனிக்னோ விரித்திருந்த சிவப்பு நட்சத்திரக் கொடியை எர்மிந்தா இழுத்துச் சரிசெய்தாள்.

"மதினி, அடக்கம் நாலு மணிக்குத்தான். அதுக்குள்ள ஓட்டுப் போட்டுட்டு வந்துடுங்க. வேட்பாளர் பட்டியல்ல அண்ணன் பேரு இன்னும் இருக்கு."

"எத்தனாவது?"

"கடைசி."

"அவருக்குத் தோதான இடம்தான்," என்றாள். பெனிக்னோ சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஸ்பெயினிலிருந்து பிரிந்து கலீசியா தனிநாடாக வேண்டும், நிலம் உழுபவனுக்கே வேண்டும் என்ற அமாரோவின் கட்சிக்கு முதல் தேர்தலில் மாகாணம் முழுக்க ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. அப்புறம் அறுநூறு. போன முறை இருநூற்றுப் பத்து. இந்த ஊர்ச் சாவடியில் மட்டும் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஐந்து தேர்தலிலும் ஒன்று.

கட்சி முகவரான அமாரோ ஒவ்வொரு தேர்தலன்றும் எண்ணிக்கை முடிந்த பிறகுதான் வீடு திரும்புவார். அவள் வாட்டி வைத்திருக்கும் கஷ்கொட்டையை உரித்தபடியே சொல்வார்: "ஒண்ணு. அது உன்னோடது. நான் வழக்கம்போல என் தாள்ல 'கலீசியா வாழ்க'ன்னு கிறுக்கித் தொலைச்சேன், செல்லாமப் போயிடுச்சு."

எர்மிந்தாவுக்கு அப்போதுதான் மூச்சு வரும். தன் தம்பிக்குச் சாலை வேலை வாங்கிக்கொடுத்த மேயர் கட்சிக்குத்தான் அவள் ஐந்து முறையும் போட்டாள். அந்த ஒன்றைப் போட்டு மானத்தைக் காப்பாற்றிய புண்ணியவான் யாரோ என்று நினைத்துக்கொள்வாள். அந்த நாட்களின் கஷ்கொட்டை மணம் இப்போதும் அவளுக்குப் பிடித்திருந்தது. பொய் மட்டும்தான் உறுத்தியது. இன்றாவது அவருக்குப் போட்டுவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் மேயர் கட்சி முகவர் செல்சோ எழுந்து நின்றார். அவர் பக்கத்தில் அமாரோவின் நாற்காலி காலியாக இருந்தது. எர்மிந்தா, கட்சிக்கொன்றாக மேசையிலிருந்த வாக்குத்தாள் அடுக்குகளில் யாரும் தொடாததிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கடைசி வரியில் அவர் பெயர் இருந்தது.

"செல்சோ, ஒரு பேனா குடு."

"எதுக்குக்கா? எழுதினா ஓட்டு செல்லாதே."

"செல்லாட்டிப் போகட்டும். அவரு எழுதுவாரே. அதே மாதிரி நானும் ஒரு வரி எழுதிப் போடுறேன்."

"அமாரோவா?" செல்சோ குரலைத் தாழ்த்தினார். "அஞ்சு தேர்தலா அவரு பக்கத்துலயே உக்காந்து எண்ணியிருக்கேன். நம்ம சாவடியில செல்லாத ஓட்டே விழுந்ததில்லைக்கா. அந்த ஒண்ணு அவரு போட்டது. ஊருக்கே தெரியும்."

எர்மிந்தா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை தடவையும் எல்லாம் தெரிந்தே அந்த மனுஷன் எதிரே உட்கார்ந்து, தோல் உரித்த கஷ்கொட்டையை முதலில் அவள் தட்டில்தான் வைத்தார்.

பேனா கேட்ட கையை மடக்கிக்கொண்டாள். தாளை அப்படியே உறையிலிட்டுப் பெட்டிக்குள் போட்டாள். சாவடித் தலைவர் அவள் பெயரை உரக்கப் படித்து, "வாக்களித்தார்" என்றார்.

"ராத்திரி எண்ணி முடிச்சதும் வந்து சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டார் செல்சோ.

"வேணாம். ஒண்ணுதான் வரும்," என்றாள் எர்மிந்தா.