அண்ணி கேட்காத எட்டு ஜிபி

1

இந்தக் கதை அண்ணியின் கணினிக்குள் உடைந்த, நினைவகத் தகடு செருகும் ஒரு ஸ்லாட்டிலிருந்து வந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பொருத்தம் என்பது…’ அடித்துவிட்டேன். ராம் என்கிற அந்தத் தகடு பொருந்தவில்லை என்றால், புருஷன் பெண்டாட்டியைச் சாடையாகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நான் ராமைத்தான் சொல்கிறேன்.

2

அண்ணி வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவர். பிறரிடம் வேலை பார்த்துவிட்டு, முதல்முறையாகத் தனியாக ஒரு வீட்டின் வரைபட வேலையை எடுத்திருந்தார். கூரையைத் திரையில் திருப்பும்போதெல்லாம் கணினி உறைந்து நின்றது. (ராம் என்பது கணினியின் வேலைமேசை. சின்ன மேசையில் ஒரு தாளை விரிக்க இன்னொன்றை மடிக்க வேண்டும்.)

அண்ணன் யாரிடமும் சொல்லாமல் ஒரு ராம் வாங்கி வந்தான். அண்ணி குளிக்கப் போனதும் கணினியின் மூடியைக் கழற்றினான். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. ராமின் அடியில் இருந்த வெட்டும் ஸ்லாட்டுக்குள் இருந்த மேடும் நேராக இல்லை. அவன் முரட்டுத்தனமாக அழுத்தி…

[படித்துவிட்டு அண்ணன் சொன்னது: “முரட்டுத்தனமா எங்கடா அழுத்தினேன்? போகலையேன்னு கொஞ்சம் அழுத்தினேன்.” சரி, கொஞ்சம்.]

ஸ்லாட் விரிசல் விட்டது. இயக்கிப் பார்த்தபோது கணினி பீப் பீப் என்றதே தவிர, திரையில் ஒன்றும் வரவில்லை.

3

அண்ணி ஈரத்தலையோடு வந்தார். அன்று மாலை அந்த வீட்டைக் கட்டப்போகிறவர்கள் வரைபடம் பார்க்க வருவதாக இருந்தது. அவர் கத்தியிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. புது ராமை உருவி வெளிச்சத்தில் பார்த்தார்.

“இது டிடிஆர் நாலு, புது வகை. என் போர்டு பழைய டிடிஆர் மூணுதான் எடுக்கும். மாத்திப் போட்டுடக் கூடாதுன்னுதான் வெட்டையே வேற இடத்துல வச்சிருக்காங்க.”

“எட்டு ஜிபியான்னு மட்டும்தான் பார்த்தேன்” என்றான் அண்ணன்.

பழைய ராமை மட்டும் வைத்து இயக்கினார். திரை வந்தது, வரைபடங்களும் இருந்தன. மாலையில் கூரை வழக்கம்போல் உறைந்தது. வந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்து பார்த்தார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

உடைந்த ஸ்லாட் உடைந்ததுதான். இனி ராமைக் கூட்டுவதென்றால், மிஞ்சிய ஒரே ஸ்லாட்டில் பெரியதாக ஒன்று போட வேண்டும்.

4

அவர்கள் போன பிறகு அண்ணி கேட்டார்: “எது சேரும்னு எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை ஏன் கேக்கல?”

நான் அடுத்த அறையில் இருந்தேன். பதில் காதில் விழவில்லை. ‘உனக்குத் தெரியாம வாங்கி அசத்தலாம்னு நெனச்சேன்’ என்று அண்ணன் சொன்னதாக நானே எழுதினேன். பொய்யில்லை, ஆனால் போதவில்லை. பிறகு இப்படி எழுதினேன்: ‘கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சுடுமே.’

படித்துவிட்டு அண்ணன் அந்த வரியை அடித்தான். அண்ணி பேனாவை வாங்கி, அடித்ததற்கு மேலேயே அதைத் திரும்ப எழுதினார். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

தாளை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். எந்தக் கையை நம்புவதென்று நீங்கள் பாருங்கள்.