டிராம்போன்காரனும் துணைக்குப் போனவர்களும்

மோலோ ஊர் மாதா கோயிலுக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறையில் செவ்வாய்க்கிழமைதோறும் கூட்டம் நடக்கும். குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவார்கள். காப்பி போடுவது லியோனிலாவின் பொறுப்பு. அழகு நிலையம் நடத்துகிறவள். ஒரு காலத்தில் ஷாம்பு பாட்டிலில் ரம்மை ஊற்றி வைத்துக்கொண்டு முடி வெட்டியவள். அதைச் சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

கிரிசாந்தோ புதிதாக வந்த அன்று கதவோரமாக உட்கார்ந்தான். கூட்டம் முடிந்ததும் நழுவப் பார்த்தவனை லியோனிலா காப்பிக் கோப்பையோடு மடக்கினாள்.

"என்ன வேலை தம்பி?"

"பேண்டுல டிராம்போன் ஊதறேன்க்கா. அதுதான் வினையே. திருவிழாவுக்கு வீடு வீடா வாசிச்சுட்டுப் போவோம். போற வீட்டுலல்லாம் கிளாஸை நீட்டுவாங்க. எப்படி வேணாங்கறது?"

"பேண்டை விட்டுத் தொலையேன்" என்றார் ஓஸ்திங், ஓய்வு பெற்ற போலீஸ்காரர்.

"அதையும் விட்டுட்டா எங்கிட்ட வேற என்னண்ணே இருக்கு?"

ஓஸ்திங் தன் நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"அன்னம்மாள் திருவிழாவுக்குத்தானே? நாங்களும் கூட வர்றோம்" என்று சொல்லிவிட்டாள் லியோனிலா. சொன்ன பிறகுதான் அது தனக்கும் ஆபத்து என்று உறைத்தது. குடியை விட்டதிலிருந்து அவள் திருவிழாப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. அந்த நாளில் கடையைப் பூட்டிக்கொண்டு எதிர்த்தீவிலிருக்கும் தங்கை வீட்டுக்கு ஓடிவிடுவாள்.

திருவிழாக் காலையில் பேண்டுக்குப் பின்னால் லியோனிலாவும் ஓஸ்திங்கும் நடந்தார்கள். ஓஸ்திங் தோளில் எலுமிச்சைச் சாறு நிரம்பிய பெரிய கூஜா.

"டேய், மாமனார் மாமியாரையும் ஓட்டிட்டு வந்துட்டியா?" என்றான் டிரம் அடிக்கிறவன்.

"அவங்க பொண்ணு கொடுத்தா உனக்கென்னடா?" என்றான் கிரிசாந்தோ.

முதல் சில வீடுகளைச் சாறைக் குடித்தே கடந்துவிட்டார்கள். மீன் வியாபாரி நெஸ்தோரியோ வீட்டில்தான் மாட்டிக்கொண்டார்கள். அவன் கிரிசாந்தோவின் பழைய கூட்டாளி. கிளாஸைக் கையிலேயே திணித்துவிட்டான்.

"ஒண்ணே ஒண்ணு, சாமிக்காக. இல்லேன்னா என் வீட்டை மதிக்கலேன்னுதான் நினைப்பேன்."

கிரிசாந்தோ கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றான். ரம் வாசனை லியோனிலாவின் மூக்கிலும் ஏறியது. நாக்கில் எச்சில் ஊறியது. பிடுங்கிக் கொட்டிவிடலாம்தான். ஆனால் இவள் பிடுங்கினால் அவன் தெருமுனையில் இன்னொன்று வாங்கிக் குடிப்பான். அவளும் அப்படிச் செய்தவள்தானே.

"தம்பி" என்றாள் மெதுவாக. "எனக்கு ஒருமாதிரி இருக்கு. வாசனை இழுக்குது. கொஞ்சம் என் கையைப் பிடிச்சுக்கறியா?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் கண் நிஜமாகவே கிளாஸை விட்டு அகலவில்லை. கிளாஸை மேசைமேல் வைத்துவிட்டு அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டான்.

"பன்றிக்கறி இருந்தா கொடுண்ணே. அக்காவுக்கும் எனக்கும் பசிக்குது."

நெஸ்தோரியோ கொஞ்சம் முறைத்தான். பிறகு, "இதைச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம்?" என்று தட்டு நிறைய மொறுமொறுத்த தோலோடு கறியை வெட்டிக் குவித்தான்.

வயிறு நிறைந்து மறுபடி வாசிக்கத் தொடங்கிய கிரிசாந்தோ பாட்டின் நடுவிலேயே டிராம்போனை இறக்கினான். முகம் போன போக்கைப் பார்த்து லியோனிலா பதறிவிட்டாள்.

"என்னாச்சு தம்பி?"

"அக்கா, ஒருத்தனுக்கும் சுருதியே சேரலைக்கா! இத்தனை வருஷமா இப்படியா வாசிச்சுட்டிருந்தோம்?"

ஓஸ்திங் சிரித்த சிரிப்பில் கூஜாவிலிருந்த சாறு சட்டையில் கொட்டியது. லியோனிலாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. தெருவில் நின்று அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாயிற்று.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் கிரிசாந்தோ ஒருமுறை சறுக்கிக் குடித்துவிட்டான். வீங்கிய முகத்தோடு செவ்வாய்க்கிழமை தானாகவே வந்து உட்கார்ந்தான். லியோனிலா காப்பியில் கூடுதலாகச் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவன் குடியைத் தொடவில்லை.

இப்போது பேண்டுக்காரர்களுக்குத்தான் அவனோடு பெரும்பாடு. ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்து நின்று ஒவ்வொருத்தனையும் சுருதி சேர்க்கச் சொல்லி உயிரை எடுக்கிறான். "குடிச்சுட்டிருந்தப்போ எவ்வளவு தங்கமான மனுஷன்!" என்று டிரம்காரன் லியோனிலாவிடமே வந்து புலம்பிவிட்டுப் போனான்.