ஹிலாரியாவின் இடக்கைக் கம்பளம்

ஹிலாரியா நெய்த கம்பளத்தில் படுத்து எழுந்தால் உடம்பு அலுப்பு போய்விடும். போன அலுப்பு ஹிலாரியாவிடம் வந்துவிடும். எங்கள் மலையூர் பாக்கோபம்பாவில் இதைப் பற்றி யாரும் சண்டை போட்டதில்லை. உருளைக்கிழங்கு விலையைப் பற்றித்தான் சண்டை.

மயிர் கத்தரிக்கிற மாதத்தில் தொடங்கிய வினை இது. மயிருக்காக நாங்கள் வளர்க்கிற நீளக்கழுத்து அல்பாக்காவில் கறுப்பு ஒன்று உதைத்து அவள் வலது மணிக்கட்டு வீங்கிப்போனது. மகள் நியெவெஸ் அப்போதுதான் பிறந்திருந்தாள். புருஷன் ஃபோர்த்துனாதோ மந்தையோடு மேல் மேய்ச்சலுக்குப் போயிருந்தான். பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே, பாதித் தூக்கத்தில், தக்களியை இடக்கையால் சுழற்றி அந்த வருஷத்து மயிர் முழுவதையும் நூற்றுத் தீர்த்தாள். இடக்கையால் நூற்றால் நூல் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். அந்த நூல் எங்களுக்குப் புதிதில்லை. காய்ச்சல்காரன் மணிக்கட்டில் கட்டுவோம், போர்வை ஓரத்தில் ஓட்டுவோம். கெட்டது எது வந்தாலும் வந்த வழியே திருப்பிவிடும். ஆனால் அதிலேயே ஒரு முழுக் கம்பளத்தை எந்தப் பைத்தியமும் நெய்ததில்லை. முளையடித்துத் தறி பூட்டியபோதும் ஹிலாரியா நூலைப் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பிருந்தால்தானே.

முதலில் படுத்தவன் ஃபோர்த்துனாதோ. மலையிறங்கி வந்து அரை நாள் தூங்கி எழுந்தவன், ஐந்து வருஷமாக இடிந்து கிடந்த பட்டிச் சுவரைப் பாட்டுப் பாடிக்கொண்டே கட்டி முடித்தான். ஹிலாரியா அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பிறகு அக்கம்பக்கம் வந்தது. சந்தைக்கு மூட்டை சுமக்கிறவர்கள் வந்தார்கள். தங்கச் சுரங்கத்துக்குப் போகும் லாரி, ஊருக்கு வெளியே நிற்காமல் போய்க்கொண்டிருந்த லாரி, அவள் வாசலில் நிற்கத் தொடங்கியது. இல்லையென்று சொல்ல முடியுமா? வாசலுக்கு வந்தவனுக்கு விரிப்புப் போடாமல் அனுப்புவது, செத்தவனுக்குப் படையல் வைக்காமல் விடுவதற்குச் சமம். இரண்டு வருஷத்தில் ஊரே கன்றுக்குட்டி மாதிரித் துள்ளியது. ஹிலாரியா மட்டும் கரண்டியைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

ஒருநாள் ஆலங்கட்டி மழையில் நியெவெஸ் முற்றத்தில் நின்று அழுதாள். வீட்டு வாசற்படியில் இருந்த தாய்க்குக் கை நீண்டது, தூக்க வரவில்லை. பிள்ளை நனைந்து நீலம் பாரித்துப்போனாள். ஃபோர்த்துனாதோ வந்து எடுத்துக் கணப்பில் காட்டிப் பிழைக்கவைத்தான். அன்றைக்கே கம்பளத்தை ஒழித்துக்கட்டுவதென்று முடிவு செய்தான்.

அங்கேதான் அல்பாக்கா மயிரின் அருமை தெரிந்தது, நாசமாய்ப் போகிற அருமை. நெருப்பில் போட்டான், கருகல் வாடை அடித்து, சுருண்டு, தானே அணைந்தது. ஆற்றில் அமுக்கினான், ஆட்டு மயிரைப் போல எண்ணெய்ப் பிசுக்கு இல்லாததால் ஒரு முக்கில் அழுக்கெல்லாம் விட்டு, உதறியதும் காய்ந்து, முன்னைவிட மெத்தென்று ஆனது. உறுத்தல் கிடையாது, சாயமே போடாத பழுப்பும் கறுப்பும் வெளுக்கவும் இல்லை. கத்தியால் கிழிக்கப் பார்த்ததில் கத்திக்குத்தான் முனை போனது. வேறு ஊரில் இதற்குப் பெருமை பேசுவார்கள். அவன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதான்.

அவன் அக்கா எவ்செபியாவுக்கு நாக்கு நீளம், கண்ணும் கூர்மை. கம்பளத்தைச் சுருட்டி எடுக்க வந்தவள் ஒரு நூலைப் பிரித்து விரலில் உருட்டிப் பார்த்தாள்.

“ஏண்டி, முழுக்க இடக்கை நூலா?”

“தூக்கத்துல நூத்தேன் மதினி. எந்தக் கைன்னு யாரு பாத்தா.”

“அதான். திருப்பி அனுப்புற நூலு, நூத்த கையத் தேடித்தான் வரும். ஒத்தக் கையில நூத்துட்டு ஊரு அலுப்பையெல்லாம் நீயே வாங்கிக் கட்டிக்கிட்டியே.”

எவ்செபியா ஊர்க்கூட்டத்தில் எழுந்தாள். இன்று உன் நிலத்தில் நான் தோண்டினால் நாளை என் நிலத்தில் நீ தோண்டவேண்டும். அய்னி என்போம் அதை, அதை மீறியவனுக்கு எங்கள் ஊரில் தண்ணீர்கூடக் கிடைக்காது. கிழங்குக்கு அய்னி உண்டு, கூரை போட அய்னி உண்டு, அலுப்புக்கு மட்டும் இல்லையா என்று கேட்டாள். படுத்தவர்கள் எல்லாரும் இடக்கையால் ஒரு முழமாவது நூற்றுக் கொடுக்கவேண்டும், நானே அதை ஓரத்தில் நெய்வேன் என்றாள். சுரங்கக்காரர்கள் சிரித்தார்கள்.

“படுக்கத் தெரிஞ்சுதுல்ல? நூக்கவும் கத்துக்கோ,” என்றாள். சிரிப்பு நின்றது.

எல்லாரும் நூற்றோம். கோணலும் முடிச்சுமாக அந்த ஓரத்தைப் பார்த்தால் வெட்கமாகத்தான் இருக்கும். எவ்செபியா கடைசி இழையைக் கோத்த மத்தியானம் ஹிலாரியா எழுந்தாள், மகளைத் துணியில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு ஓடைக்கு நடந்தாள். எங்களுக்கு முழங்கால் வலித்தது.

அதிலிருந்து பாக்கோபம்பாவில் எல்லாரும் கொஞ்சம் களைப்பாகவே இருக்கிறோம். லாரி இன்னும் நிற்கிறது, கம்பளம் இன்னும் தேயவில்லை, வருகிறவன் நூற்றுவிட்டுத்தான் படுக்கிறான். இதைச் சொல்லும்போதே எனக்குக் கொட்டாவி வருகிறது. என்னுடையது இல்லை இது. யாரோ சுரங்கக்காரனுடையது, பாவம், இரட்டை வேலை பார்த்திருப்பான்.