உள்ள யாரு?

அந்தக் கொட்டகையில் ஒரு பழக்கம் உண்டு. சூட்டறையின் கதவைச் சாத்துகிறவர், சாத்துவதற்கு முன் உள்ளே தலையை நீட்டி "உள்ள யாரு?" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். ஆள் இருந்தால் பதில் வரும். எழுதி ஒட்டிய சட்டமெல்லாம் கிடையாது. புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிற தொழிலில் சட்டம் எதற்கு, வாய் இருக்கிறதே என்று இருந்துவிட்டார்கள். வாய் இருந்தும் பேசாத நாள் வரும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

கம்பெனிகள் சரக்கு ஏற்றி இறக்கி உடைத்துப் போட்ட மரப் பேலட்டுகளை, அதாவது சரக்கை அடுக்கித் தூக்கும் பலகைத் தட்டுகளை, வாங்கி வந்து, முறிந்த பலகையைப் பெயர்த்து நல்ல பலகை அடித்து, மரத்துக்குள் இருக்கும் பூச்சி சாகிறவரை சூட்டறையில் வேகவைத்து, வெந்தது என்று முத்திரை குத்தித் திரும்ப விற்பதுதான் தொழில். முத்திரை மனைவியின் கையில். அதனால் அவளுக்கு முத்திரைக்காரி என்று பெயர். பழுது பார்ப்பதும் அடுக்குவதும் கணவன். மூன்றாவது ஆள் ஆணிக்காரர். வயதானவர், காதில் அடைப்பானை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஆணி அடிப்பார். பக்கத்தில் இடி விழுந்தாலும் பலகையைத்தான் பார்ப்பார்.

சண்டை ஒன்றும் பெரிதில்லை. பாட்டில் கம்பெனி மேனேஜர் வந்திருந்தபோது, "இவளுக்கு முத்திரை குத்தத்தான் தெரியும், மரத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்று கணவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். மேனேஜரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது. அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். அவன் மட்டும் என்ன இளைத்தவனா? அவனும் மூடிக்கொண்டான். வீட்டில் மகள் தபால்காரி ஆனாள். அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு என்று அம்மா சொல்ல, பசிக்கலைன்னு சொல்லு என்று அப்பா சொல்ல, குழந்தை அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்தது. முதலில் பேசியவர் தோற்றவர் என்று இருவரும் சொல்லாமலே வைத்துக்கொண்ட பந்தயம் அது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் அந்த வீட்டில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை.

அன்று மத்தியானம் சூட்டறை நிறைய அடுக்கியாகிவிட்டது. முத்திரைக்காரி கதவருகே வந்தாள். கணவனின் காக்கிச் சட்டை ஃபோர்க்லிஃப்ட் இருக்கையில் கிடந்தது. அறுப்பு மெஷின் பக்கம் போயிருப்பான் என்று நினைத்தாள். பழக்கத்தில் தலையை உள்ளே நீட்டினாள், "உள்ள" என்பது நாக்குவரை வந்தது. ஒருவேளை அவன் உள்ளே இருந்து, "நான்தான்" என்று சொல்லிவிட்டால்? முதலில் பேசியது யார் என்று ஆகும்? வாயை மூடிக்கொண்டு, சுத்தியலால் கதவின் இரும்புச் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினாள். பதில் இல்லை. சாத்தினாள்.

அந்தக் கதவின் கொண்டி தளர்ந்துபோன கொண்டி. அதனால் வெளியிலிருந்து ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, அடியில் ஆப்பு அடித்து இறுக்குவது வழக்கம். உள்பக்கத்துக் கைப்பிடி உடைந்து எத்தனையோ நாளாகிறது. நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று அதுவும் நாளையிலேயே நின்றது. மேனேஜரின் சிரிப்பை நினைத்துக்கொண்டு ஆப்பை வழக்கத்தைவிட நாலு அடி கூடவே போட்டாள். பிறகு பர்னரையும் காற்றாடியையும் போட்டுவிட்டு, முத்திரைக்கு மை கலக்கப் போனாள்.

திரும்பி வந்து சூடு காட்டும் பெட்டியைப் பார்த்தாள். உள்ளே மூன்று இடங்களில், தடித்த கட்டையில் துளை போட்டு, வயர் கட்டிய ஊசி சொருகியிருக்கும். மரத்தின் நடுப்பகுதி எவ்வளவு சுட்டிருக்கிறது என்று அது சொல்லும். அறையின் காற்று நாற்பத்தெட்டு டிகிரி காட்டியது. முதல் இரண்டு ஊசியும் முப்பதைத் தாண்டவில்லை. மரம் மெதுவாகத்தான் சுடும். மூன்றாவது, கடைசி அடுக்கில் இருப்பது, நாற்பத்தெட்டு காட்டியது. துளையிலிருந்து கழன்று விழுந்திருக்கும், இவர் சொருகின லட்சணம் என்று மனசுக்குள் ஒரு குட்டு வைத்தாள்.

அவள் பார்க்கப் பார்க்கவே அது இறங்கியது. நாற்பத்தைந்து, நாற்பது, முப்பத்தேழு. அங்கேயே நின்றது. மறுபடி ஏறியது. மறுபடி இறங்கி முப்பத்தேழில் நின்றது.

சூடேறும் அறையில் எதுவும் குளிராது. ஊசி கெட்டிருந்தால் கன்னாபின்னாவென்று காட்டும், இப்படிப் போய்ப் போய் ஒரே எண்ணில் வந்து உட்காராது. முப்பத்தேழு அவளுக்குத் தெரியாத எண்ணா? மகளுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் இறங்கட்டும் இறங்கட்டும் என்று வேண்டிக்கொண்டு பார்க்கிற எண், காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடு. யாரோ அந்த ஊசியை எடுத்து வாயில் வைக்கிறார்கள். எடுக்கிறார்கள். திரும்ப வைக்கிறார்கள்.

பர்னரையும் காற்றாடியையும் அணைத்தாள். கால் கதவிடம் ஓடியது, கை சுத்தியலைத் தேடியது, சுத்தியல் அவள் இடுப்பிலேயே இருந்தது. ஆப்பை அடித்தாள். அசையவில்லை. கோபத்தில் போட்ட அடி ஒவ்வொன்றும் இப்போது எதிரில் நின்றது.

"ஏங்க! ஏங்க, உள்ள இருக்கீங்களா?"

பதில் இல்லை. தடித்த கதவு, காற்றாடி இன்னும் சுற்றி ஓயவில்லை, ஆணிக்காரரின் டப் டப் வேறு. காதைக் கதவில் வைத்தாள், சுட்டது. கேட்கவில்லையா, பேச முடியவில்லையா, இல்லை இன்னும் வீம்பா? எந்த மௌனம் இது என்று அவளுக்குத் தெரியவில்லை. வீம்பாக இருக்கட்டும் என்று கும்பிட்டாள். வாழ்நாள் பூரா பேசாமல் இருக்கட்டும், அவனே ஜெயிக்கட்டும், மூச்சு மட்டும் இருக்கட்டும். பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது ஊசி ஏறிக்கொண்டே போனது. இந்தத் தடவை இறங்கவில்லை.

ஓடிப்போய் ஆணிக்காரரின் காதடைப்பானைப் பிடுங்கி எறிந்தாள். கதவைக் காட்டினாள். கடப்பாறையைக் கொண்டுவந்து முட்டுக்கட்டைக்கு அடியில் கொடுத்து நெம்பினார். அவள் ஆப்பை அடித்தாள், விரலிலும் அடித்துக்கொண்டாள், அது பிறகுதான் தெரிந்தது. கட்டை சரிந்தது. கதவு திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது.

கடைசி அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில், பலகை இடுக்கில் முகத்தை வைத்துத் தரையில் கிடந்தான். ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். உடம்பெல்லாம் சிவந்து, பனியன் பிழியலாம் போல நனைந்திருந்தது. ஆணிக்காரர் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டு வண்டி பிடிக்க ஓடினார். இருமினான். கண் திறந்தான். அந்த இருமலைக் கேட்டபிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் சுத்தியால தட்டினேனே. கேக்கலையா உங்களுக்கு?"

"கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"கடைசி அடுக்குல ஊசி சொருகிட்டிருந்தேன். நீ வாயத் தொறந்து கூப்பிடுவேன்னு பாத்தேன். கூப்பிட்டா பதில் சொல்லலாம்னு நின்னேன். அதுக்குள்ள சாத்திட்ட. அப்புறம் கத்தினது வெளிய கேக்கல, ஊசிதான் மிச்சம்."

அவளுக்குப் பயம் வந்தது அப்போதுதான். கதவைத் திறந்தபோதுகூட இவ்வளவு பயமில்லை. தான் மட்டும் செய்த தப்பென்றால் அழுது தீர்த்துவிடலாம். உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக நின்று, தெரிந்தே, ஒரே கதவை இரண்டு பேரும் சேர்ந்து சாத்தியிருக்கிறார்கள்.

கொட்டகை வாசலில் செருப்புச் சத்தம். பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்திருந்தாள். அப்பா ஈரத்தோடு அம்மா மடியில் படுத்திருப்பதைப் பார்த்து, என்ன கேட்பது என்று தெரியாமல், தெரிந்ததைக் கேட்டாள்.

"அப்பாகிட்ட ஏதாவது சொல்லணுமாம்மா?"

முத்திரைக்காரி வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் அவளுடைய நசுங்கிய விரலைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்டா," என்றான் மகளிடம். "இனிமே அம்மாவே சொல்லுவா."